கொழுப்பு பசியை அடக்குமா, கிளப்புமா?

கொழுப்பைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு பேச்சு சேர்ந்தே உலாவுகிறது. ஒன்று, "நல்லாத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைச்சால்தான் பசி தாங்கும்." மற்றது, "எண்ணெயையும் தேங்காயையும் குறைச்சால்தான் உடம்பு குறையும்." ஒரே வீட்டில், சில வேளை ஒரே வாயிலிருந்தே இரண்டும் வரும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவை சாப்பாட்டின் வேறு வேறு நேரங்களைப் பற்றியவை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "போதும்" என்று கையைக் கழுவ வைக்கிற உணர்வு ஒன்று. கை கழுவி எழும்பிய பிறகு, அடுத்த பசி எத்தனை மணிக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கிற உணர்வு இன்னொன்று. முதலாவது வேலையில் கொழுப்பு மந்தம். இரண்டாவதில் பரவாயில்லை. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ பத்து மணிக்கு இரண்டு றோல்ஸும் ஒரு பால் தேத்தண்ணியும் குடித்தவர், ஒரு மணிக்கு வழமையான அளவு சோற்றையே சாப்பிடுவதும், நாலு மணி வரை பசி எடுக்காமல் இருப்பதும் இதனால்தான்.

முதலில் கணக்கு

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு கிராம் மாச்சத்திலும் ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரி. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், நெய்யில் உருகிய கொழுப்பு எல்லாவற்றுக்கும் இதே 9தான். "நல்லெண்ணெய் உடம்புக்கு நல்லது" என்பது வேறு கதை. கலோரிக் கணக்கில் அதற்குச் சலுகை கிடையாது.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் ஏறக்குறைய 120 கலோரி. அதே 120 கலோரியைச் சோறாக எடுத்தால் அவித்த சோறு 90 கிராம் வரும், கையில் ஒரு நல்ல பிடி. வயிற்றுக்குள் போனால் சோறு இடத்தை அடைக்கும். எண்ணெய் போன இடம் தெரியாது.

வயிறு கலோரியை எண்ணுவதில்லை. அதன் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதைத்தான் நரம்பு மூளைக்குச் சொல்கிறது. அதனால் ஆட்கள் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரே நிறை, ஒரே கன அளவுச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டுப் பழகியிருக்கிறார்கள். சோற்றின் அளவு மாறாமல் கறியில் மட்டும் எண்ணெய் கூடினால், சாப்பிட்டவருக்கே தெரியாமல் கலோரி ஏறிவிடும்.

இதை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1987ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் நேரடியாகப் பார்த்தார்கள். 24 பெண்கள். பார்வைக்கும் ருசிக்கும் ஒரே மாதிரியான சாப்பாடு, ஆனால் மூன்று விதமாக: கொழுப்புக் குறைந்தது, நடுத்தரமானது, கூடியது. ஒவ்வொன்றும் இரண்டு கிழமைக்கு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். கொழுப்புக் குறைந்த சாப்பாட்டில் கலோரி தானாகவே குறைந்தது, கூடிய சாப்பாட்டில் தானாகவே ஏறியது. யாரும் பெருந்தீனி தின்னவில்லை. வழமைபோலவே சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

சிட்னியில் 1995ல் வந்த இன்னோர் ஆய்வும் இந்தப் பேச்சில் அடிக்கடி வரும். 38 வகைச் சாப்பாட்டை ஒவ்வொன்றும் 240 கலோரி வருமாறு அளந்து கொடுத்து, அடுத்த இரண்டு மணித்தியாலம் எவ்வளவு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது என்று கேட்டார்கள். வெள்ளைப் பாணுக்கு 100 புள்ளி என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிட்டார்கள். முதலிடம் வெறுமனே அவித்த உருளைக்கிழங்குக்கு, 323 புள்ளி. மீனுக்கு 225. கடைசி இடம் பட்டர் நிறையச் சேர்த்துச் செய்கிற குரோசான் என்ற பணிஸுக்கு, வெறும் 47. நீர், நார், புரதம் கூடிய சாப்பாடு மேலே போனது. கொழுப்புக் கூடியது கீழே இறங்கியது. "எண்ணெய்ச் சாப்பாடு வயிற்றைப் பிடிக்கும்" என்ற எங்கள் நம்பிக்கைக்கு இது கொஞ்சம் இடிக்கும். கலோரி சமமாக இருக்கும்போது கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அதே 240 கலோரிக்கு உருளைக்கிழங்கு கோப்பை நிறைய வரும், குரோசான் இரண்டு மூன்று கடியில் முடிந்துவிடும்.

குடலுக்குள் நடப்பது

அப்படியானால் கொழுப்புப் பசி தாங்கும் என்று பாட்டிமார் சொன்னது பொய்யா? இல்லை. அது கொஞ்சம் பிந்தித் தொடங்குகிற வேலை.

இரைப்பையின் அடியில் ஒரு வாசல் இருக்கிறது. அரைத்துக் கூழான சாப்பாட்டை அது சிறுகுடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இரணைமடுக் குளத்துத் துருசு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: கீழே வயல் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று பார்த்துத்தான் மேலே கதவை உயர்த்துவார்கள். சிறுகுடலின் முதல் பகுதிக்குக் கொழுப்பு வந்து சேர்ந்ததும், அங்குள்ள கலங்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹோர்மோனை விடுகின்றன. பெயர் வாய்க்குள் நுழையாவிட்டால் எல்லோரும் சொல்கிற மாதிரி சி.சி.கே. என்றே வைத்துக்கொள்ளலாம். இது மூன்று வேலை செய்கிறது. பித்தப்பையைச் சுருங்கவைத்துப் பித்தத்தைக் குடலுக்கு அனுப்புகிறது, ஏனென்றால் பித்தம் கலக்காமல் கொழுப்புச் செரிக்காது. இரைப்பையின் வாசலை இறுக்கி, மேலே இருக்கிற சாப்பாடு மெதுவாக இறங்கச் செய்கிறது. அதோடு வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு "போதும்" என்று தகவல் அனுப்புகிறது. சி.சி.கே. ஊசி போட்ட எலிகள் குறைவாகச் சாப்பிடுவதை 1973ல் கண்டுபிடித்தார்கள். குடல் மூளையோடு பேசுகிறது என்ற ஆராய்ச்சி சூடுபிடித்தது அங்கிருந்துதான்.

கொழுப்பில் ஒரு பங்கு இன்னும் கீழே, சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போனால் அங்கே வேறு இரண்டு ஹோர்மோன்கள் வரும்: பி.வை.வை., ஜி.எல்.பி-1. இவையும் மேலே இருக்கிற சாப்பாட்டின் வேகத்தைக் குறைக்கும், பசியையும் மட்டுப்படுத்தும். இப்போது உலகம் முழுக்க உடம்பு குறைக்கிற ஊசி என்று பேசப்படுகிற செமாகுளுட்டைட் இந்த ஜி.எல்.பி-1ஐப் போல வேலை செய்கிற மருந்துதான். அதன் சக்தி குடலில் இயற்கையாகச் சுரப்பதைவிடப் பல மடங்கு, நிற்கிற காலமும் நீளம். அதனால் "எண்ணெய் குடித்தால் அதே ஊசியின் பலன்" என்று யாராவது வீடியோ போட்டால் நம்பவேண்டாம்.

இந்த ஹோர்மோன்கள் எல்லாம் எழும்ப நேரம் எடுக்கும். கொழுப்பு வாயில் இருக்கும்போது ஒன்றும் நடக்காது. அது இரைப்பையில் அரைந்து, சொட்டுச் சொட்டாகச் சிறுகுடலுக்கு இறங்கி, கொழுப்பமிலமாக உடைந்த பிறகுதான் சி.சி.கே. சரியாக வேலை செய்யத் தொடங்கும். கொத்து ரொட்டியைச் சுடச்சுட ஏழு எட்டு நிமிடத்தில் முடிக்கிறவருக்கு இந்தத் தகவல் கோப்பை வெறுமையான பிறகுதான் வந்து சேரும். அப்போது வயிறு ஊதி, பெல்ற்றைத் தளர்த்தி, "கூடிப்போச்சு" என்று தோன்றுவது இதுதான். ஆறுதலாகச் சாப்பிடு என்று வீட்டில் சொல்வதில் உடற்றொழிலியல் இருக்கிறது.

இன்னும் இரண்டு ஹோர்மோன்களைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று கிரெலின். 1999ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். வெறும் வயிற்றில் ஏறிப் பசியைக் கிளப்பும், சாப்பிட்டதும் இறங்கும். மாச்சத்தும் புரதமும் அதை நன்றாக இறக்குகின்றன. அதே கலோரிக்குக் கொழுப்பு அவ்வளவு இறக்குவதில்லை. மற்றது லெப்டின், 1994ல் கண்டுபிடித்தது. இது உடம்பில் சேர்ந்திருக்கிற கொழுப்பே சுரக்கிற ஹோர்மோன். கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சில குழந்தைகளுக்கு அடங்காத பசி இருக்கும், ஊசியாக லெப்டின் கொடுத்தால் அது அடங்கிவிடும். இதைப் பார்த்தவுடன் எல்லாப் பருமனுக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று ஒரு காலம் துள்ளினார்கள். ஆனால் பருமனான பெரும்பாலானோரிடம் லெப்டின் ஏற்கனவே கூடத்தான் இருக்கிறது. மூளைதான் அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. உடம்பு மெலியும்போது லெப்டின் சடாரென்று இறங்க, பசி கூடுகிறது. குறைத்த நிறை திரும்ப ஏறுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மனத்திடம் இல்லை என்று ஆளைத் திட்டுவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

மாவும் எண்ணெயும் சேரும்போது

தனிக் கொழுப்பை யாரும் தின்பதில்லை. ஒரு கோப்பையில் நெய்யை வைத்தால் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. அவித்த மரவள்ளிக்கிழங்கையும் ஒரு அளவோடு நிறுத்திவிடுவோம். ஆனால் அதே கிழங்கைச் சீவி எண்ணெயில் பொரித்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பையில் போட்டால், பை முடிகிற வரை கை நிற்காது. மாச்சத்தும் கொழுப்பும் ஒன்றாகச் சேர்ந்த சாப்பாடு இயற்கையில் அரிது. பாலில் இருக்கிறது, சில கொட்டைகளில் இருக்கிறது, அதற்கு மேல் தேடவேண்டும். 2018ல் வந்த ஓர் ஆய்வில், ஒரே கலோரியுள்ள தின்பண்டங்களைக் காட்டி எதற்கு எவ்வளவு காசு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். கொழுப்பு மட்டும் உள்ளதற்கும் மாச்சத்து மட்டும் உள்ளதற்கும் கேட்டதைவிட, இரண்டும் கலந்ததற்கு ஆட்கள் கூடக் கொடுக்க ஆயத்தமாக இருந்தார்கள். மூளையில் ஆசையோடு தொடர்புள்ள பகுதியும் கலவைக்குத்தான் கூடத் துடித்தது.

கண்டி வீதியோரத் தேத்தண்ணிக் கடையின் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். றோல்ஸ், பற்றிஸ், பருப்பு வடை, உழுந்து வடை, பரோட்டா. எல்லாம் மாவோ பருப்போ எண்ணெயோடு சேர்ந்ததுதான். வடையை வைத்துத் தருகிற பேப்பர்த் துண்டில் எண்ணெய் விரிந்து, அச்செழுத்து மறுபக்கம் தெரிகிற அளவுக்கு ஆகும். அந்தத் தடம் வடை தாச்சிக்குள் கிடக்கும்போது குடித்த எண்ணெய் என்றுதான் நினைப்போம். உண்மையில் பொரிந்துகொண்டிருக்கும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அவ்வளவாக உள்ளே போகாது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான் ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை உள்ளே இழுக்கிறது. ஆகவே எடுத்த உடனே ஓட்டைக் கரண்டியில் வைத்து நன்றாக உதறி, சூடாக இருக்கும்போதே பேப்பரில் ஒற்றினால் கொஞ்சம் எண்ணெயாவது குறையும். ஒரு குவியலாகப் போட்டு ஆறவிட்டால் அவ்வளவும் உள்ளே போய்விடும். வீட்டில் பொரிக்கிறவர்களுக்கு இது உதவும். கடையில் நாங்கள் என்ன செய்ய முடியும், ஒன்றோடு நிறுத்துவதைத் தவிர?

சோறும் எண்ணெயும் சேர்ந்து வரும்போது உடம்பு எதை முதலில் எரிக்கும் என்பதும் முக்கியம். மாச்சத்தைச் சேமிக்க உடம்பில் இடம் குறைவு, அதனால் அது முதலில் எரியும். கொழுப்பு அப்படியே கொழுப்புக் கலங்களுக்குப் போய்விடும். அப்படிச் சேமிக்க ஆகிற செலவும் அற்பம். புரதத்தைச் செரித்து ஒழுங்காக்க அதன் கலோரியில் 20 முதல் 30 வீதம் வரை செலவாகும். கொழுப்புக்கு 3 வீதம்கூட வராது. "சோறுதான் கொழுப்பாக மாறி வயிற்றில் சேருது" என்கிற பேச்சு முழுக்கச் சரியல்ல. பெரும்பாலும் நடப்பது, சோறு எரிகிற நேரத்தில் அதோடு வந்த எண்ணெய் ஒதுங்கிக்கொள்வது.

தேங்காயை என்ன செய்வது?

தேங்காய் இல்லாமல் எங்கள் சமையல் இல்லை. பிட்டுக்குத் தேங்காய்ப்பூ, இடியப்பத்துக்குச் சொதி, சம்பல், பால்கறி, வறை. துருவிய தேங்காய்ப்பூவில் 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி, 33 கிராம் கொழுப்பு. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், ஏறக்குறைய 105 கலோரி. பிட்டில் அந்தக் கைப்பிடியோடு நாரும் நீரும் சேர்ந்து வருகிறது, மெல்லவும் வேண்டியிருக்கிறது. கெட்டியான முதற்பாலில் நார் இல்லை, கொழுப்பு மட்டும் பிழிந்து வருகிறது. அந்த வகையில் சம்பலை விடச் சொதியில்தான் கை தாராளமாகப் போய்விடும், ஏனென்றால் சொதியை யாரும் அளந்து ஊற்றுவதில்லை. இடியப்பம் மிதக்க ஊற்றுவோம். சொதியை இரண்டாம் பாலில் கொதிக்கவைத்து, முதற்பாலைக் கடைசியில் கொஞ்சமாக விட்டால் ருசி போகாது.

தேங்காய் எண்ணெய் குடித்தால் பசி அடங்கும், உடம்பு குறையும் என்று சில வருடங்களாக ஒரு பேச்சு உண்டு. அதற்கு அடி எங்கே என்றால், நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்று ஒரு வகை இருக்கிறது. அது மற்றக் கொழுப்பைப் போலச் சுற்றிவளைக்காமல் குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போய் எரியும். தனியாகத் தயாரித்த அந்த எண்ணெயை வைத்துச் செய்த ஆய்வுகளில் கொஞ்சம் பலன் காட்டியது உண்மை. தேங்காய் எண்ணெயில் பாதியளவு லோரிக் அமிலம். பட்டியலில் அதுவும் நடுத்தரச் சங்கிலி என்றே இருக்கும், ஆனால் உடம்புக்குள் பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பு போகிற வழியிலேயே போகிறது. அந்த ஆய்வுகளில் இருந்த சின்னச் சங்கிலிகள் தேங்காய் எண்ணெயில் ஆறிலோ ஏழிலோ ஒரு பங்குதான். ஒன்றின் பெயரில் மற்றதை விற்கிறார்கள். தவிர, தேங்காய் எண்ணெயில் 80 வீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அது கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும். ஏற்கனவே கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் மாத்திரை எடுக்கிறவர் காலையில் அதைக் கரண்டியில் குடிப்பது நல்ல யோசனை அல்ல. நல்லெண்ணெயில் நிறைவுற்றது ஏறத்தாழ 15 வீதம்தான். பசிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, இருதயத்துக்கு இரண்டும் ஒன்றல்ல.

கச்சானைப் பற்றியும் ஒரு சொல். கொழுப்புக் கூடிய சாப்பாடுதான், ஒரு கைப்பிடியில் 170 கலோரி வரை இருக்கும். ஆனாலும் கச்சான், பாதாம் மாதிரி முழுக்கொட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்குப்படி ஏறவேண்டிய அளவு நிறை ஏறுவதில்லை. புரதமும் நாரும் இருக்கிறது, மெல்ல நேரம் எடுக்கிறது, கலச்சுவருக்குள் அடைபட்ட கொழுப்பில் ஒரு பங்கு உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடுகிறது. அவித்த கச்சான் என்றால் இன்னும் நல்லது. எண்ணெயில் பொரித்து மிக்சரில் வருகிற கச்சான் இந்தக் கணக்கில் சேராது.

எண்ணெயே தொடாதவர்கள்

"நான் எண்ணெயைக் கண்ணிலையும் காட்டிறேல்லைத் தம்பி, ஆனா உடம்பு குறையுதில்லை" என்று சொல்கிற அன்ரிமார் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. பொய் சொல்வதில்லை. கோப்பையைப் பார்த்தால் விளங்கும்: எண்ணெய் இல்லாத மரக்கறி ஒரு கரண்டி, சோறு ஒரு மலை, புரதம் என்று பார்த்தால் ஒரு துண்டு மீன். மூன்று மணித்தியாலத்தில் பசிக்கும். பசித்தால் சீனி போட்ட பிளேன் ரீயும் "கொழுப்பில்லாத" பிஸ்கட்டும். எடுத்த எண்ணெயின் இடத்தைச் சோறும் சீனியும் பிடித்துக்கொண்டன. கொழுப்பைக் குறைத்தால் அந்த இடத்தில் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 2018ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. 609 பேர், ஒரு வருடம். பாதிப் பேர் கொழுப்பைக் குறைத்தார்கள், மற்றவர்கள் மாச்சத்தைக் குறைத்தார்கள். இரு பகுதியாருக்கும் மரக்கறியைக் கூட்டு, சீனியையும் வெள்ளை மாவையும் குறை, வீட்டில் சமை என்றே சொன்னார்கள். முடிவில் கொழுப்புக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ, மாச்சத்துக் குறைத்தவர்கள் 6 கிலோ குறைந்தார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆளுக்காள் வித்தியாசம்தான் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் 20 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் இருந்தார்கள், நிறை கூடியவர்களும் இருந்தார்கள். 2021ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை உள்ளேயே தங்கவைத்துச் செய்த ஆய்வில், கொழுப்பு மிகக் குறைந்த தாவர உணவில் ஆட்கள் நாளுக்கு ஏறக்குறைய 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள், பசியும் கூடவில்லை. ஆனால் கொழுப்பு மிகக் கூடிய, மாச்சத்துக் குறைந்த மற்ற உணவிலும் நிறை ஏறவில்லை, குறையத்தான் செய்தது. அந்த உணவில் கொழுப்போடு சேர மாவும் சீனியும் இருக்கவில்லை. இரண்டு சாப்பாட்டிலும் கண்ணாடிப் பெட்டிச் சாமான் கிடையாது.

எங்கள் ஊர்க் கதை

வன்னியில் நெல் வெட்டு என்றால் ஒரு காலம் அரிவாளோடு நாள் முழுக்கக் குனிந்து நின்ற வேலை. சூடு மிதித்தல், தூற்றல், மூட்டை சுமத்தல். அந்த உடம்புக்கு ஒரு மலைச் சோறும் தேங்காய்ப்பால் கறியும் பொருத்தம். இப்போது காலபோகமோ சிறுபோகமோ மெசின் வந்து பின்னேரத்துக்குள் முடித்துவிட்டுப் போகிறது. வயலுக்குப் போவது மோட்டார்சைக்கிளில். கோப்பையில் போடுகிற அளவு மட்டும் அப்பாவின் காலத்தது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009ல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிக் குடித்த தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்கிறோம். புரதமோ கொழுப்போ இல்லாத நீர்த்த கஞ்சி இரைப்பையில் தங்காது, நிறைந்த வயிறு சீக்கிரமே திரும்பப் பசிக்கும். அப்படிப் பசித்த ஒருவர் பேரப்பிள்ளையின் கோப்பையில் இன்னொரு கரண்டி போடும்போது, "கலோரி கூடிப்போச்சு அம்மம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கோப்பையில் வருகிற சாமானை மாற்றுவது அளவைக் குறைக்கச் சொல்வதைவிட எங்கள் வீடுகளில் எடுபடும்.

மாற்றுவது எப்படி? எண்ணெய்ப் போத்தலிலிருந்து தொடங்கலாம். ஒரு லீற்றர் எண்ணெயில் 8,200 கலோரிக்கு மேல் இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் அது இரண்டு கிழமையில் முடிந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கலோரி எண்ணெயாக மட்டும் போகிறது. தேங்காய், பால்மா, கடைச் சாமான் எல்லாம் இதற்கு மேலே. முதலில் போத்தல் எத்தனை நாளில் முடிகிறது என்று கலண்டரில் குறித்துப் பாருங்கள். பிறகு தாச்சிக்குள் போத்தலைச் சரிக்காமல் கரண்டியால் அளந்து விடுங்கள். அநேக வீடுகளில் இது ஒன்றே வித்தியாசம் காட்டும். ஒரு எச்சரிக்கை: ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற கணக்கை வைத்து, "நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி குறைத்தால் வருடத்துக்கு ஐந்தரைக் கிலோ போகும்" என்று யாராவது சொன்னால் அவ்வளவு எதிர்பார்க்கவேண்டாம். நிறை குறையக் குறைய உடம்பும் செலவைக் குறைத்துக்கொள்ளும், பசியும் கொஞ்சம் ஏறும். குறைவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எடுத்த எண்ணெயின் இடத்துக்குப் புரதமும் இலைக்கறியும் வரவேண்டும். விரால், நந்திக்கடல் இறால், சூடை மீன், முட்டை, பருப்பு, அவித்த பயறு, கடலை, தயிர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சாமான்தான். மீனைப் பொரிப்பதற்குப் பதில் புளி விட்டுக் குழம்பு வைத்தால் எண்ணெய் பாதிக்கு மேல் மிச்சம். தீட்டாத ஆட்டக்காரி அரிசியில் தவிடும் நாரும் இருப்பதால் மெல்ல நேரம் எடுக்கும், பசியும் கொஞ்சம் பிந்தும். மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். இரண்டாம் தரம் சோறு போடுமுன் ஒரு பத்து, பதினைந்து நிமிடம் கதைத்துக்கொண்டிருங்கள். சி.சி.கே. வந்து சேரட்டும்.

முழுக்கக் கொழுப்பை விட்டுவிடவும் கூடாது. முருங்கையிலையில், பொன்னாங்காணியில் இருக்கிற விற்றமின் ஏயின் மூலச்சத்தைக் கொழுப்பு இல்லாமல் குடல் உறிஞ்சாது. வறையில் போடுகிற அந்தக் கொஞ்சத் தேங்காய்ப்பூ சும்மா அலங்காரத்துக்கல்ல. டி, ஈ, கே விற்றமின்களும் அப்படித்தான். கொழுப்பே இல்லாத சாப்பாட்டில் வேகமாக மெலிகிறவர்களுக்குப் பித்தப்பை சுருங்க வேலை இல்லாமல் போய்ப் பித்தம் தேங்கி, கல் உண்டாகிற ஆபத்துக் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023ல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, மொத்தக் கலோரியில் 30 வீதம் வரை கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு மட்டும் மொத்தக் கலோரியில் 10 வீதத்துக்கு மேல் வேண்டாம். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 30 வீதம் ஏறக்குறைய 65 கிராம் கொழுப்பு வரும், தேங்காயும் பாலும் மீனும் எல்லாம் சேர்த்து.

தராசு இல்லாத வீட்டில் தையல் நாடா போதும். தென்னாசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சுகர், பிறஷர், இருதய நோய் ஆபத்துக் கூடுகிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்பவர்களும் இதில் அடக்கம். "நான் மெல்லிய ஆள்தானே" என்று அவர்கள் தப்பிக்கொள்ள முடியாது.

இவ்வளவும் நிறை கூடிய பெரியவர்களுக்கு. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், சாப்பாடு இறங்காமல் மெலிந்துபோகிற வயதானவர்கள் இதைப் பின்பற்றத் தேவையில்லை. சுகருக்கு மருந்து எடுக்கிறவர்கள் சாப்பாட்டைப் பெரிதாக மாற்றுமுன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளவேண்டும், மருந்தின் அளவையும் மாற்றவேண்டி வரலாம். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கொழுப்பைக் குறைக்கவே கூடாது. தாய்ப்பாலின் கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. பிள்ளைக்கு மசித்துக் கொடுக்கிற சோறும் பருப்பும் கீரையும் கலந்த கோப்பையில் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ தாராளமாக விடலாம்.